சீட்டுப் பொட்டலத்தின் விலை

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் என் பெயரன் எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தான். கல்லூரியில் முதலாண்டு பயில்பவன். சிறு பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லி ஈட்டிய 3,000 ரூபாய் அவன் கையில் இருந்தது. தான் கைப்பேசியில் ஆடும் சீட்டு விளையாட்டிற்கு அதில் ஒரு பகுதியைச் செலவிடலாமா என்று என்னிடம் கேட்டான். முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்ற எனக்கு விடை நாவின் நுனியிலேயே இருந்தது. "கூடவே கூடாது" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, "தாத்தா, கோபத்தில் சொல்லாதீர்கள்; கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்" என்றான். ஒரு கணக்காசிரியனிடம் இதைவிடக் கூர்மையாக எதைச் சொல்ல முடியும்? அன்று நான் போட்ட கணக்கைத்தான் மாணவச் செல்வங்களாகிய உங்களுக்கு இன்று விளக்க எண்ணுகிறேன்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். எனக்குத் தெரிந்தது பெட்டிக்கடைப் பரிசு அட்டை. என் சிறு வயதில் ஐந்து காசு கொடுத்தால் அட்டையில் ஒட்டியிருக்கும் சிறு தாள்களுள் ஒன்றைக் கிழிக்கலாம். உள்ளிருக்கும் எண்ணுக்கு உரிய பொருள் நமக்கு. அட்டையின் உச்சியில் ஒரு கைக்கடிகாரம் பளபளக்கும். அதற்காகத் திருவிழாக் காசு முழுவதையும் ஒருமுறை இழந்து, கைநிறைய ஆரஞ்சு மிட்டாயுடன் வீடு திரும்பினேன். கடிகாரத்தின் எண் அந்த அட்டையில் இருந்ததா என்ற ஐயம் எனக்கு இன்றும் தீரவில்லை.

பெயரன் ஆடுவது 2014-இல் அமெரிக்க நிறுவனமாகிய பிளிஸார்ட் வெளியிட்ட ஹார்த்ஸ்டோன் என்னும் விளையாட்டு. ஒவ்வோர் ஆட்டக்காரரும் 30 சீட்டுகள் கொண்ட கட்டு ஒன்றைத் தாமே தொகுத்து, மற்றவருடன் மோதுகிறார். இது பணம் வைத்து ஆடும் ரம்மியன்று. வென்றாலும் ஒரு காசு திரும்பி வராது. அத்தகைய இணையப் பண விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. அது வேறு வழக்கு. இங்கே நாம் ஆராய்வது, ஆடுவதற்குக் கட்டணம் இல்லாத ஒரு விளையாட்டில் சீட்டுகளை விலைக்கு வாங்குவது தகுமா என்பதையே.

சீட்டுகள் பொட்டலமாக விற்கப்படுகின்றன. ஒரு பொட்டலத்தில் ஐந்து சீட்டுகள். எவை என்பது பிரித்த பின்னரே தெரியும். சீட்டுகளில் நான்கு தரங்கள் உண்டு: காமன், ரேர், எபிக், லெஜண்டரி. அந்நாட்டு அரசின் விதிப்படி 2017-இல் சீனாவில் இவற்றின் வாய்ப்பளவை நிறுவனம் வெளியிட நேர்ந்தது. ஒவ்வொரு பொட்டலத்திலும் ரேர் அல்லது அதற்கு மேற்பட்ட சீட்டு ஒன்றேனும் இருக்கும். சராசரியாக ஐந்து பொட்டலங்களுக்கு ஓர் எபிக். இருபதுக்கு ஒரு லெஜண்டரி. என் பெட்டிக்கடைக்காரர் இவ்வளவு நேர்மை காட்டியதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பெயரன் விரும்பியது குறிப்பிட்ட ஒரு லெஜண்டரிச் சீட்டு. "இருபது பொட்டலம் வாங்கினால் கிடைத்துவிடும் அல்லவா?" என்றான். இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். இருபதுக்கு ஒன்று என்பது ஏதோ ஒரு லெஜண்டரிக்கு உரிய கணக்கு. ஒரு தொகுதியில் அத்தகைய சீட்டுகள் 20 இருப்பதாகக் கொள்வோம். வந்த சீட்டே மீண்டும் வராது என்னும் சலுகை இருந்தும், விரும்பிய சீட்டு சராசரியாகப் பத்தாவதாகவோ பதினொன்றாவதாகவோதான் வரும். அப்படியாயின் ஏறக்குறைய 210 பொட்டலங்கள் வேண்டும்! இதைக் கேட்டதும் அவன் முகம் சற்று வாடியது.

ஆனால் வேறொரு வழியும் உண்டு. வேண்டாத சீட்டுகளை உடைத்து மாயத்தூளாக்கி, அத்தூளைக் கொண்டு விரும்பிய சீட்டைச் செய்துகொள்ளலாம். லெஜண்டரி ஒன்றைச் செய்ய 1,600 தூள் வேண்டும். உடைத்தால் 400 மட்டுமே வரும். எபிக்குக்கு 400, உடைத்தால் 100. ரேருக்கு 100, உடைத்தால் 20. காமனுக்கு 40, உடைத்தால் 5. மேல்தரத்தில் நான்கில் ஒரு பங்கும் அடித்தரத்தில் எட்டில் ஒரு பங்கும் மட்டுமே திரும்புகின்றன. அடகுக்கடை வட்டி கூட இதற்கு அஞ்சும். மேற்சொன்ன வாய்ப்பளவுகளை வைத்துப் பெருக்கிக் கூட்டினேன். ஒரு பொட்டலத்தை முழுவதும் உடைத்தால் சராசரி 80 தூள் அளவில் கிடைக்கும். 1,600-ஐ 80 ஆல் வகுத்தால் 20. ஆகவே, விரும்பிய சீட்டு ஒன்றின் உண்மை விலை, மற்றவை யாவும் தூளான இருபது பொட்டலங்கள்.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு என்னை வியக்க வைத்தது. ஆடி ஈட்டும் தங்கக் காசுகளாலும் பொட்டலம் வாங்கலாம். ஒன்று 100 காசு. 2021 ஜனவரியில் இதே நிறுவனம் சிறுதொகுதி ஒன்றை வெளியிட்டது. அதில் 35 வகைச் சீட்டுகள், மொத்தம் 66; நான்கு லெஜண்டரிகளும் உட்பட. எவையெவை என்பது வாங்கும் முன்பே தெரியும். விலை 2,000 காசு, அதாவது இருபது பொட்டலங்களின் விலை! ஒருபுறம் ஏதோ ஒரு லெஜண்டரி. மறுபுறம் பெயர் தெரிந்த நான்கு. ஒரே கடையில் ஒரே விலைக்கு விற்கும் இவ்விரண்டுக்கும் இடையே இவ்வளவு வேறுபாடா என்று இருமுறை சரிபார்த்தேன். நமக்கு வேண்டிய சீட்டு அத்தகைய சிறுதொகுதியில் இருந்தால், பொட்டலத்தை நாடுவது அறியாமை என்றே சொல்வேன். இல்லாவிடில் இந்த ஒப்பீட்டால் பயனில்லை.

இனி, வாங்கிய சீட்டு எத்தனை நாள் உதவும்? 2016 முதல் இவ்விளையாட்டின் முதன்மைப் போட்டிமுறையில் நடப்பாண்டு, சென்ற ஆண்டு ஆகிய இரண்டின் தொகுதிகளே பெரும்பாலும் இடம்பெறுகின்றன. வெளிவந்த பருவத்தைப் பொறுத்து ஒரு சீட்டின் ஆயுள் ஏறத்தாழ ஒன்றேகால் ஆண்டு முதல் இரண்டாண்டு வரை. பிறகும் வேறொரு முறையில் அதை ஆடலாம். காகிதச் சீட்டென்றால் பிறருக்கு விற்கலாம்; இதை விற்க முடியாது. சீனாவில் உரிம உடன்படிக்கை முடிந்து 2023 ஜனவரியில் இவ்விளையாட்டு நின்றபோது, 2024-இல் மீண்டும் திறக்கப்படும் வரை அங்குள்ளோர் தாம் பணம் கொடுத்து வாங்கிய சீட்டுகளைத் தொடவும் இயலவில்லை. பூட்டும் சாவியும் நிறுவனத்தின் கையில் இருக்கின்றன.

இவ்வளவும் சொன்ன பின், பெயரன் தன் பக்கத்து நியாயத்தையும் எடுத்துரைத்தான். "500 ரூபாய் செலவிட்டு 100 மணி நேரம் ஆடினால் மணிக்கு ஐந்து ரூபாய்தானே? திரைப்படத்தைவிட மலிவு" என்றான். கணக்கு பிழையற்றது. எனினும், வாங்கிய சீட்டு இல்லாமலே அவன் ஆடியிருக்கக்கூடிய மணிகளைக் கழிக்க வேண்டாமா? அச்சீட்டினால் கூடுதலாகக் கிடைத்த இன்பத்திற்கு மட்டுமே அந்த 500 ரூபாய் விலை. அதை அளக்க, அவன் ஆடிய பத்து ஆட்டங்களை அருகிலிருந்து பார்த்தேன். ஆறில் தோற்றான். அவற்றுள் நான்கில், கையிலிருந்த சீட்டுகளை இறக்கிய முறையே பிழையானது. அதை அவனே சொன்னான். எஞ்சிய இரண்டில் அந்த லெஜண்டரி இருந்திருந்தால் வென்றிருக்கலாம். அந்த இரண்டுக்காக வாங்குவது தகாது என்று நான் தீர்ப்புரைக்கவில்லை. அவன் ஈட்டிய பணம் அது.

அவன் அன்று பணம் எதுவும் செலவிடவில்லை. பயன்படாத சீட்டுகளை உடைத்ததில் 1,100 தூள் சேர்ந்தது. மீதி 500-ஐ ஆடியே சேர்ப்பதாகச் சொல்லி விடுதிக்குத் திரும்பினான். மூன்று வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தான். "தாத்தா, அந்தச் சீட்டின் ஆற்றலை நிறுவனத்தார் குறைத்துவிட்டார்கள். இப்போது எவரும் அதை ஆடுவதில்லை" என்றான். குரலில் வருத்தம் அவ்வளவாக இல்லை. 3,000 ரூபாயும் அப்படியே இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, வேறொரு சீட்டின் பெயரைத் தயங்கித் தயங்கிக் கூறினான். "சற்றுப் பொறு, தாளும் எழுதுகோலும் எடுத்து வருகிறேன்" என்றேன்.