பந்தை அடிக்காமல் நிறுத்தும் உரிமை

கிளப்புகளுக்கு இடையே நடக்கும் ஸ்குவாஷ் அணிப் போட்டி அது. இரண்டு அணிகளும் ஆளுக்கு ஓர் ஆட்டம் ஜெயித்திருந்தோம், மூன்றாவது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஆட்டக்காரர் கோர்ட்டின் நடுவே நின்றார். எதிராளி பின்மூலைக்குப் போன பந்தை முதலில் விட்டுவிட்டார். அது சுவரில் பட்டு அவரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்ததும், உடம்பையும் கூடவே சுழற்றி ஓங்கி அடித்தார். பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க எங்கள் ஆள் தலையைத் திருப்பிய அதே நொடியில், பந்து அவருடைய இடது கண்ணில் இறங்கியது.

"ஐஸ் வைங்க சார், சரியாயிடும்" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். அவரும் ஐஸ் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை கருவிழிக்குப் பின்னால், கண்ணாடித் தம்ளரின் அடியில் தங்கிய நன்னாரி சர்பத் போல, ரத்தம் ஒரு கோடு கட்டி நின்றது. அன்று நாங்கள் சொன்னது தவறு என்பதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. இதை எழுதுவதற்குக் காரணமும் அதுதான்.

சென்னையில் ஸ்குவாஷ் ஆடுகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். ஜோஷ்னா சின்னப்பாவும் தீபிகா பள்ளிக்கலும் 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றார்கள். 2025 டிசம்பரில் சென்னையிலேயே நடந்த உலகக் கோப்பையை இந்தியா வென்றது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் முதன்முறையாக இடம்பெறுகிறது. பெரிய போட்டிகளில் நடுவர், மருத்துவர் எல்லாம் இருப்பார்கள். நம்மைப் போல வேலை முடிந்து மாலையில் ஓடிவந்து அணிக்காக ஆடுகிறவர்களுக்கு அப்படி யாரும் கிடையாது. ஆடி முடித்தவரே அடுத்த ஆட்டத்துக்கு நடுவராக உட்காருகிறார்.

கண்ணிலிருந்து தொடங்குகிறேன். ஸ்குவாஷ் பந்தின் விட்டம் 40 மில்லிமீட்டர், எடை 24 கிராம். கண்குழியின் வாயும் ஏறத்தாழ அதே 40 மில்லிமீட்டர் அகலம்தான். டென்னிஸ் பந்தோ கிரிக்கெட் பந்தோ முகத்தில் பட்டால் புருவ எலும்பும் கன்ன எலும்பும் அடியின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். ஸ்குவாஷ் பந்து சிறியது, நசுங்கக்கூடிய ரப்பர் வேறு. எலும்புக்குள் புகுந்து நேராக விழியையே அமுக்கிவிடுகிறது. ரத்தம் தேங்கலாம், விழித்திரை கிழியலாம், பிரியலாம். கண்ணுக்குள் நீர் வடியும் வழி சேதமாகிப் பல ஆண்டுகள் கழித்து கண் அழுத்த நோய் வரலாம். பந்தைத் தவிர, வீசிய மட்டையும் இருக்கிறது.

இதற்கான கவசம் பாலிகார்பனேட் லென்ஸ் போட்ட விளையாட்டுக் கண்ணாடி. ஏஎஸ்டிஎம் எஃப்3164 அல்லது பிஎஸ் 7930-1 என்ற தர முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பவர் வேண்டுமென்றால் அதே லென்ஸிலேயே போட்டுத் தருவார்கள். தினமும் போடும் சாதாரணக் கண்ணாடி காப்பாற்றாது, உடைந்தால் அதன் சில்லே கண்ணுக்குள் போகும். லென்ஸ் இல்லாமல் வெறும் சட்டம் மட்டும் உள்ள கவசத்தையும் நம்பாதீர்கள். அந்த இடைவெளியில் பந்து நசுங்கி உள்ளே நுழைந்துவிடும். கான்டாக்ட் லென்ஸ் எந்தப் பாதுகாப்பும் தராது.

உலக ஸ்குவாஷ் சம்மேளனத்தின் போட்டிகளில் ஜூனியர்களும் இரட்டையர் ஆடுகிறவர்களும் கண்கவசம் போட்டே ஆக வேண்டும். ஒற்றையர் ஆடும் பெரியவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. என் கருத்தில் இது தலைகீழான ஏற்பாடு. பயிற்சி பெற்ற பதினைந்து வயதுப் பிள்ளையின் மட்டை எங்கே போகும் என்று சொல்லிவிடலாம். நாற்பது வயதில் ஆட்டத்துக்கு வந்தவர் களைத்துப்போன நேரத்தில் வீசும் மட்டையைச் சொல்ல முடியாது. அணித் தலைவர்கள் கூடிப் பேசி, 'கவசம் இல்லாதவர் கோர்ட்டுக்குள் வரக்கூடாது' என்று தங்கள் போட்டி விதியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அடி பட்டுவிட்டால் கண்ணைத் தேய்க்கக்கூடாது, அமுக்கக்கூடாது. ஒரு காகிதக் கோப்பையைக் கண்ணைத் தொடாதபடி கவிழ்த்து ஒட்டி, தலையை நிமிர்த்தி உட்கார வைத்து, அன்றே கண் மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். வலி இல்லை, பார்வை தெளிவாக இருக்கிறது என்றாலும் போக வேண்டும். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், ரத்தக்கசிவு கூடும். 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை நம் ஊரிலேயே இருக்கிறது. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவமனைச் சீட்டில் 'ஸ்குவாஷ் பந்து பட்ட காயம்' என்று நேரத்தோடு எழுதச் சொல்லுங்கள். விபத்துப் பதிவேட்டில் எழுதினால் அந்த ஏ.ஆர். காப்பியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

கவசத்தை விடப் பெரிய பாதுகாப்பு விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. 9.75 மீட்டர் நீளமும் 6.4 மீட்டர் அகலமும் உள்ள அறையில் இரண்டு பேர் மட்டை வீசுகிறார்கள். அடித்தால் எதிராளிக்குக் காயம்படும் என்ற நியாயமான பயம் வந்தால், அடிக்காமல் நிறுத்தி 'லெட்', அதாவது அந்தப் புள்ளியை மறுபடி ஆடும் வாய்ப்பு, கேட்கலாம். அது உங்கள் உரிமை. பந்து நேராக முன்சுவருக்குப் போகும் வழியில் எதிராளி நின்று, நீங்கள் நல்ல அடி அடித்திருக்க முடியும் என்றால், லெட் மட்டும் அல்ல, புள்ளியே உங்களுக்கு. ஆனால் உடம்பைச் சுழற்றி அடித்து, அந்தப் பந்து எதிராளி மேல் பட்டால், அவர் வேண்டுமென்றே குறுக்கே வந்தாலொழிய, புள்ளி பட்டவருக்குப் போகும். அன்று எங்கள் ஆட்டக்காரருக்கு நடந்ததும் இதுதான். சுழல வேண்டி வந்தால் நிறுத்திவிட வேண்டும். இதைத் தெரியாதவர்கள் கிளப்புகளில் நிறைய இருக்கிறார்கள்.

தெரிந்தவர்களும் நிறுத்துவதில்லை. ஸ்கோர் 8–9, வெளியே நான்கு பேர் கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள், லெட் கேட்டால் 'சாக்கு சொல்றான்' என்பார்களோ என்ற கூச்சம். நடுவராக உட்காருகிறவர்தான் இதை மாற்ற முடியும். ஒருவர் பயந்து நிறுத்தினார் என்றால் தயங்காமல் லெட் கொடுங்கள், அவர் உங்கள் எதிரணியாக இருந்தாலும். ஆபத்தாக மட்டை வீசுகிறவரை எச்சரிக்கவும், புள்ளியைப் பறிக்கவும் நடுவருக்கு அதிகாரம் உண்டு. தானாக வந்த காயத்துக்கு 3 நிமிடம், இருவராலும் நேர்ந்த காயத்துக்கு 15 நிமிடம் என்று விதி அவகாசம் தருகிறது. ரத்தம் வந்தால் அது நிற்கும்வரை ஆடக்கூடாது. 'பரவாயில்லை, ஆடிடறேன்' என்பவரையும் உட்கார வைக்க வேண்டும்.

நிறுத்தும் உரிமை இதயத்துக்கும் உண்டு. ஸ்குவாஷோடு தொடர்புள்ள 60 திடீர் மரணங்களை ஸ்காட்லாந்து மருத்துவர் நார்த்கோட்டும் குழுவினரும் ஆராய்ந்து 1986-ல் வெளியிட்டார்கள். பெரும்பாலானவை இதய ரத்தக்குழாய் அடைப்பால் வந்தவை. இறந்தவர்களில் 45 பேருக்கு முன்கூட்டியே அறிகுறி இருந்திருக்கிறது, அதில் முதலில் நிற்பது நெஞ்சுவலி. ஆகவே இந்த வாரம் படி ஏறும்போது நெஞ்சு இறுகியது, இடது தோள் வலித்தது என்றால் அணித் தலைவருக்கு 'வரலை' என்று ஒரே வார்த்தை அனுப்பிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சலோடும் ஆடக்கூடாது. யாராவது சுருண்டு விழுந்து, கூப்பிட்டும் அசையாமல் மூச்சும் சரியாக வராமல் கிடந்தால், ஒருவர் 108-க்கு அழைக்கட்டும், இன்னொருவர் நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழம் அழுத்தட்டும். இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏஇடி கருவி கிளப்பில் இருக்கிறதா, எந்த அலமாரியில், சாவி யாரிடம் என்பதை ஆட்டத்துக்கு முன்பே கேட்டு வையுங்கள்.

அடுத்தது தரை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைக் கோர்ட்டுகளின் சுவர் வேர்க்கும். மரத்தரையில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படரும். கோர்ட்டைக் கவனிக்கும் மார்க்கர் துணியால் துடைத்துவிட்டுப் போன ஐந்தாவது நிமிடம் மறுபடி வழுக்கும். கால் வழுக்குகிறது என்றால் ஆட்டத்தை நிறுத்தக் கேட்கலாம், உள்ளூர் அணி முகம் சுளித்தாலும். எரியாத விளக்கு, பெயர்ந்த பலகை, சுவரோடு ஒட்டி மூடாத கதவு இவற்றை வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், போட்டோவோடு நிர்வாகத்துக்கு எழுதி அனுப்புங்கள்.

அந்தக் கடிதத்தின் மதிப்பு பிறகு தெரியும். 'காயங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று பலகை தொங்கும், படிவத்தில் கையெழுத்தும் வாங்கியிருப்பார்கள். ஆட்டத்தில் இயல்பாக உள்ள ஆபத்தை ஏற்றுக்கொண்டீர்கள் என்பதற்கு அது சான்று. ஒழுகும் கூரையைத் தெரிந்தும் சரிசெய்யாத அலட்சியத்துக்கு அது தானாகவே மன்னிப்புச் சீட்டு ஆகாது. கட்டணம் வாங்கிக் கோர்ட் தரும் இடம் என்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் சேவைக் குறைபாடு என்று 2 ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். முதலில் ஆலோசனை வேண்டுமென்றால் 1915 என்ற எண்ணில் கேட்கலாம். உறுப்பினர்களே நடத்தும் கிளப் என்றால் முதல் கதவு அதன் துணைவிதியும் பொதுக்குழுவும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் பதிவானது என்றால் பதிவாளரிடமும் முறையிடலாம்.

மருத்துவக் காப்பீட்டில் 'அபாயகரமான விளையாட்டு' என்று காரணம் காட்டி மறுத்தால் பின்வாங்க வேண்டாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் நிலையான விலக்கு விதி, தொழில்முறையாக ஆடுகிறவரைத்தான் குறிக்கிறது. நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் தீராவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. ஏ.ஆர். காப்பியும் மருத்துவமனைச் சீட்டும் அப்போதுதான் பேசும்.

ஆட வரும் பெண்களுக்கு இன்னொன்று. 2013-ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் விளையாட்டு வளாகத்தையும் பணியிடமாகவே கணக்கில் கொள்கிறது. புகார் தர 3 மாத அவகாசம் உண்டு. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு ஏதாவது நேர்ந்தால் 1098.

எங்கள் ஆட்டக்காரரின் பார்வை திரும்பிவிட்டது. ஆனாலும் கண் அழுத்தத்தை ஆயுள் முழுக்கப் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அடுத்த தேதியை அவர் எங்கள் ஆட்ட அட்டவணையின் ஓரத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். அணிப் பையில் இப்போது நான்கு கவசக் கண்ணாடிகள் கூடுதலாகக் கிடக்கின்றன. கொண்டுவராத எதிரணிக்காரருக்கு அவரே எடுத்துக் கொடுக்கிறார், போட்ட பிறகுதான் கதவைத் திறக்கிறார்.