தீவனத்தில் போட்ட மருந்து எங்கே போகுது?

இயற்கை விவசாயத்துக்கு மாறும் உழவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எருவைப் பற்றித்தான். "மாடு இல்லைங்க, கோழிப்பண்ணை எரு லாரி கணக்குல கிடைக்குது. போடலாமா?" என்பார்கள். அந்தக் கோழி என்ன தின்றது என்று முதலில் விசாரிங்க என்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

ஆன்டிபயாடிக் மருந்து நோய்க்கு மட்டும் கொடுக்கப்படுவதில்லை. தீவனத்தில் தினமும் கொஞ்சம் கலந்தால் எடை சீக்கிரம் ஏறும் என்று 1940களின் கடைசியில் அமெரிக்காவில் கண்டறிந்தார்கள். நெருக்கி அடைத்து வளர்க்கும் பண்ணைகளுக்கு அது வசதியாப் போச்சு.

சிக்கல் அந்தக் 'கொஞ்ச'த்தில்தான் இருக்கு. பருத்திக் காய்ப்புழு கதை நமக்குத் தெரியும். மருந்து அடிச்சோம்; தாங்காத புழு செத்தது, தாங்கின புழு பெருகியது. பிறகு அதே மருந்து வேலை செய்யலை. கிருமிக்கும் இதே கணக்குதான். ஆனால் நல்ல சூழல் கிடைத்தால் ஈ.கோலி கிருமி இருபதே நிமிடத்தில் இரண்டாகிவிடும். அதோடு, மருந்தைத் தாங்கும் குணத்தைப் பக்கத்தில் இருக்கும் வேறு இனக் கிருமிக்கும் கொடுத்துவிடும். புழுவால் அது முடியாது.

கொலிஸ்டின் என்ற பழைய மருந்தையே எடுத்துக்குவோம். சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் மனிதருக்குக் கொடுப்பதைக் குறைத்திருந்தார்கள். மற்ற மருந்துகள் தோற்கத் தொடங்கியதும், உயிருக்குப் போராடும் நோயாளிக்குக் கடைசிக் கையிருப்பாக அது திரும்பி வந்தது. அதே மருந்தைப் பன்றிக்கும் கோழிக்கும் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். கொலிஸ்டினைத் தாங்கும் குணம் கிருமிக்குக் கிருமி தாவுகிறது என்று 2015இல் சீனாவில் கண்டுபிடித்தார்கள். 2017இல் சீனா அதைத் தீவனத்தில் கலப்பதை நிறுத்தியது. அதன்பிறகு அந்தக் குணமுள்ள கிருமிகள் பன்றிகளிடமும் மனிதர்களிடமும் குறைந்தன. இந்தியாவும் 2019 ஜூலையில், உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழி, மீன் ஆகியவற்றுக்குக் கொலிஸ்டினைத் தடை செய்தது. நிறுத்தினால் பலன் உண்டு என்பதற்கு இதுவே சாட்சி.

இப்போ எருவுக்கு வருவோம். கோழி தின்ற மருந்தில் ஒரு பகுதி சிதையாமல் எச்சத்தோடு வெளியே வரும். மருந்தைத் தாங்கும் கிருமியும் கூடவே வரும். அப்படியே வயலில் கொட்டினால் மண்ணுக்கும் கிணற்றுக்கும் பச்சையாகத் தின்னும் காய்க்கும் போய்ச் சேரும்.

அதனால் தீவனத்தில் மருந்து கலக்காத பண்ணையாகப் பார்த்து வாங்குங்க. வாங்கிய எருவை வைக்கோல், இலைதழையோடு குவித்து, ஈரம் காத்து, அடிக்கடி புரட்டி மட்க விடுங்க. குவியல் 55 டிகிரிக்கு மேல் சில நாட்கள் சூடாக வேண்டும். பல மருந்துகள் இதில் பெருமளவு சிதையும். ஆனாலும் தாங்கும் குணம் முழுசா அழிஞ்சிடும் என்று சொல்ல முடியாது. சொந்த மாட்டுச் சாணத்துக்கு ஈடில்லை.

அந்த மாட்டுக்கும் மருந்தை அளவோடுதான் கொடுக்கணும். மடிநோய் தொடங்கும்போதே நான் மூலிகை மருத்துவத்தைக் கையில் எடுப்பேன். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைக்கணும். மடியைக் கழுவி, பாலைக் கறந்துவிட்டு, விழுதில் ஒரு கைப்பிடியை நீரில் கரைத்து மடி முழுக்கத் தடவணும். ஒரு நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாள். காய்ச்சலோ பாலில் ரத்தமோ இருந்தால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்க. அவர் ஊசி போட்டால், சொன்ன நாள் வரை முழுசாப் போடணும். பாதியில் நிறுத்தக் கூடாது.

ஊசி போட்ட மாட்டின் பாலை எத்தனை நாள் விற்கக் கூடாது என்று மருத்துவரிடம் கேட்டுக்குங்க. காய்ச்சினாலும் பெரும்பாலான மருந்து பாலை விட்டுப் போகாது. மருந்து கலந்த பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாகத் தோயாது. உறைமோரில் உள்ள நல்ல நுண்ணுயிரையே அது தடுத்துவிடுகிறது. அப்படிப்பட்ட பாலை வாடிக்கையாளர் வீட்டுக் குழந்தைக்கு அனுப்பலாமா?