சென்னைச் சுற்றுலா: ரயில் ஏறும் முன் கையில் இருக்க வேண்டிய காகிதம்

சென்னையில் ஒரு வாரம் தங்கிச் சுற்றிப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள் கைப்பேசியையோ கைப்பையையோ பறிகொடுத்தால், ‘ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்’ என்று ரயில் ஏறிவிடுகிறார்கள். ஊர்க் காவல் நிலையமோ ‘சம்பவம் நடந்தது சென்னையிலதானே, அங்கேயே குடுங்க’ என்று திருப்பி அனுப்பிவிடுகிறது. சென்னையிலேயே நிலையப் படி ஏறியவர்களுக்கும் ‘இது எங்க லிமிட் இல்ல’ என்ற பதில் புதிதல்ல. இரண்டுமே சட்டப்படி தவறான பதில்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின்படி, பிடியாணை இன்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். உரிய நிலையத்துக்கு அதை மாற்றுவது காவல்துறையின் வேலை. அதற்காக மனுதாரர் அலைய வேண்டியதில்லை.

மனுவின் சொற்களில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்’ என்று யோசனை சொல்லப்படும். அப்படி எழுதிக் கொடுத்தால் திருட்டு வழக்கே இல்லை. பின்னால் காப்பீடு கேட்கும்போது அந்த ஒரு சொல்லே எதிராக வந்து நிற்கும். திருடப்பட்டிருந்தால் ‘திருடப்பட்டது’ என்றும், கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடியிருந்தால் ‘பறித்துச் சென்றார்’ என்றுமே எழுத வேண்டும். அதே நாளில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்பு தனிக் குற்றம். 5,000 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள பொருளின் திருட்டு பிடியாணை இன்றிக் கைது செய்ய முடியாத வகைக்குள் போய்விடுவதால், பொருளின் மதிப்பையும் தவறாமல் குறிப்பிட வேண்டும். பில் இருந்தால் நகலை இணைப்பது நல்லது. நாள், நேரம், இடம், கைப்பேசியானால் 15 இலக்க ஐஎம்இஐ எண் ஆகியவையும் மனுவில் இருக்க வேண்டும். கைப்பேசியைப் பறிகொடுத்த பிறகு அந்த எண்ணைத் தேடுவதைவிட, கிளம்பும் முன்பே *#06# அழுத்திப் பார்த்து வீட்டில் ஒரு தாளில் எழுதி வைப்பது எளிது.

மனு கொடுத்தவுடன் சிஎஸ்ஆர் எனப்படும் மனு ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் ரசீது வேறு, எஃப்ஐஆர் எனப்படும் முதல் தகவல் அறிக்கை வேறு. சிஎஸ்ஆரை எஃப்ஐஆர் என்று நினைத்து மடித்து வைத்துக்கொண்டு போகிறவர்கள் அதிகம். எஃப்ஐஆர் நகலை மனுதாரருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். பதிய மறுத்தால் விவரத்தை எழுதிக் காவல் கண்காணிப்பாளருக்கு, சென்னை மாநகரில் என்றால் துணை ஆணையருக்கு, தபாலில் அனுப்பலாம். அங்கும் அசைவில்லை என்றால் அடுத்து நீதித்துறை நடுவர் மன்றம்.

கைப்பேசி போனதும் முதல் வேலை வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்குவது. பணம் எடுக்கப்பட்டிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே அழைக்க வேண்டும். அடுத்து அதே எண்ணில் மாற்று சிம். அது கையில் இல்லாமல் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ-யை முடக்கப் போனால் ஓடிபி வராது. அதற்குப் புகாரின் நகலும் தேவைப்படும் என்பதால் காவல் நிலையத்தைத் தவிர்க்க வழியில்லை. உண்மையிலேயே தொலைந்துபோனது ஓட்டுநர் உரிமமோ அடையாள அட்டையோ என்றால் நிலையத்துக்குப் போகவே வேண்டாம். தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் தொலைந்த ஆவண அறிக்கையைக் கட்டணமின்றிப் பெறலாம்.

கடலில் இழந்ததற்கு எந்த அலுவலகத்திலும் மனு இல்லை. மெரினாவில் குளிக்கத் தடை உண்டு. கரையோரம் சில அடிகளிலேயே தரை சரிந்துவிடும். முழங்கால் நீரில் நிற்பவரையும் திரும்பும் அலை உள்ளே இழுக்கும். பெசன்ட் நகர்க் கடற்கரையில் வெள்ளையாய் நிற்கும் கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபம், 1930 டிசம்பர் 30 அன்று மற்றவர்களைக் காப்பாற்றப் போய் மூழ்கிய டென்மார்க்காரருக்காக எழுப்பப்பட்டது. அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்ட கையோடு அதே கடலில் இறங்குகிறார்கள். ‘கால் மட்டும் நனைக்கிறோம்’ என்பதுதான் எல்லோருடைய தொடக்கமும். இழுவையில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். கரையில் நிற்பவர் குதிக்கக் கூடாது. 112 அல்லது கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-ஐ அழைக்க வேண்டும். மெரினாவில் கடலில் இறங்க வேண்டாம்; நீச்சல் தெரிந்தவருக்கும் இதுவே பொருந்தும்.

பணத்தில் ஏமாறுவதற்கு மருந்து உண்டு, ரசீது இருந்தால். ஆட்டோவுக்கு 2013-ல் அரசு நிர்ணயித்தது முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். மீட்டர் போட்டு ஓடும் ஆட்டோவைக் கண்டுபிடிப்பதே தனிச் சுற்றுலா! வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் புகார் செய்யலாம். கடையில் தண்ணீர் பாட்டிலை எம்ஆர்பி-க்கு மேல் விற்றால் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் முறையிடலாம். உட்கார்ந்து சாப்பிடும் ஹோட்டல்களுக்கு இது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லிவிட்டது. ஹோட்டல் பில்லில் தானாகச் சேர்க்கப்படும் சேவைக் கட்டணத்தை நீக்கச் சொல்லலாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

முன்பதிவு செய்த அறையைத் தராமல் விரட்டிய விடுதியை எதிர்த்து வழக்குப் போடச் சென்னைக்குத் திரும்ப வேண்டும் என்று நினைத்துக் கைவிடுகிறவர்கள் பலர். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் ‘பில் வேணாம்னா ஜிஎஸ்டி இல்லாம தர்றேன்’ என்ற பேச்சுக்குத் தலையாட்டியவரிடம் ஆணையத்தில் காட்ட ஒன்றும் இருக்காது. அறை வாடகைக்கும் பில் வாங்க வேண்டும், முன்பணத்துக்கும் வாங்க வேண்டும்.

இலங்கை, மலேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர் கடவுச்சீட்டை இழந்தால், காவல்துறைப் புகாரின் நகலுடன் தம் நாட்டுத் தூதரகத்தில் மாற்று ஆவணம் பெற வேண்டும். அத்துடன் வேலை முடியாது. வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் வெளியேறும் அனுமதியும் வேண்டும். அது விமான நிலையத்தில் நின்ற நிற்பில் கிடைப்பதில்லை. திரும்பும் நாளைத் தள்ளிவைத்துவிட்டே விண்ணப்பிக்க வேண்டும்.