வேகம் வேண்டுமா? முதலில் சூட்டைக் கவனியுங்கள்!

“அப்பா, நம் கணினியின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிவிடட்டுமா?” என்று பள்ளியில் படிக்கும் மகன் கேட்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? “இருப்பதையும் கெடுத்துவிடாதே” என்று அதட்டுவீர்களா? அல்லது “உனக்குத் தெரிந்தால் செய்” என்று விட்டுவிடுவீர்களா?

இரண்டுமே அவசரப் பதில்கள்தாம். சிலிம் ரிவர், துரோலாக், தஞ்சோங் மாலிம் வட்டாரத்தில் உழைத்து வாழும் குடும்பத்துக்கு மேசைக் கணினி என்பது விளையாட்டுப் பொருள் அல்ல. 2025-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். அதில் சோற்றுக்கும் வாடகைக்கும் போக மிச்சம் பிடித்து வாங்கிய பொருள் அது. ஆகவே, விவரம் தெரிந்துகொண்டு பதில் சொல்வதே நல்லது.

வேகம் என்பது என்ன?

கணினிப் பெட்டிக்குள் ஒரு பிஸ்கட் அளவே உள்ள சில்லு ஒன்று இருக்கிறது. புரோசெஸர் என்பார்கள். கணக்குப் போடுவது, படம் காட்டுவது எல்லாம் அதன் வேலைதான். அது ஒரு கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப இயங்குகிறது. 3,000 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால் விநாடிக்கு 300 கோடி துடிப்பு என்று பொருள். தொழிற்சாலை குறித்துக் கொடுத்த இந்தத் துடிப்பை நாமே உயர்த்துவதற்குத்தான் ‘ஓவர்கிளாக்கிங்’ என்று பெயர்.

தொழிற்சாலை சொன்னதற்கு மேல் ஒரு பொருள் எப்படி வேலை செய்யும் என்று நீங்கள் கேட்கலாம். ரப்பர் ஷீட்டை நினைத்துப் பாருங்கள். ஒரே தோட்டத்துப் பால், ஒரே மாதிரி புகை போட்டு உலர்த்தியவை. ஆனாலும் ஒவ்வொரு ஷீட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று பிரிப்பார்கள் அல்லவா? சில்லுகளும் அப்படித்தான். ஒரே அச்சில் வார்த்தவைபோல இருந்தாலும், சோதித்துப் பார்த்தே எந்தச் சில்லு எவ்வளவு வேகம் தாங்கும் என்று தரம் பிரிக்கிறார்கள். பிறகு, எந்த வீட்டில் வைத்தாலும் பழுதின்றி ஓட வேண்டும் என்று கொஞ்சம் குறைத்தே முத்திரை குத்துகிறார்கள். மலிவான சரக்குக்குத் தேவை அதிகமானால், முதல் தரச் சில்லும் குறைந்த தர முத்திரையோடு கடைக்கு வருவதுண்டு.

நம் நாட்டு முத்திரை பெற்ற புகழ்

இதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. அமெரிக்காவின் இன்டெல் நிறுவனம், தன் நாட்டுக்கு வெளியே முதன்முதலாகச் சில்லுகளைப் பொருத்தும் தொழிற்சாலையை 1972-இல் பினாங்கு, பாயான் லெப்பாஸில்தான் தொடங்கியது. 1998 ஆகஸ்டில் அந்த நிறுவனம் புதிய சில்லுகளை ஒன்றாக வெளியிட்டது. அவற்றில் ஒன்று 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2, மொத்த விலை 669 அமெரிக்க டாலர். மற்றொன்று 300 மெகாஹெர்ட்ஸ் செலரான், விலை 149 டாலர்.

விவரம் தெரிந்த இளைஞர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த மலிவுச் சில்லு, தாய்ப்பலகை தரும் 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை நாலரை மடங்காக்கி 300 ஆக ஓடியது. பலகையில் 66-ஐ 100 ஆக மாற்றினார்கள். நாலரை மடங்கு 450 ஆகிவிட்டது! 149 டாலர் சில்லு 669 டாலர் சில்லின் துடிப்பில் ஓடியது. எல்லாச் சில்லும் இதைத் தாங்கவில்லை. தாங்கியவை ஏராளம். அவற்றில் ஒரு பகுதி, ‘மலாய்’ என்ற முத்திரையோடு நம் நாட்டிலிருந்து போனவை. அந்த முத்திரையைத் தேடி வாங்கியவர்களும் உண்டு.

சும்மா கிடைக்குமா?

கிடைக்காது. வேகத்துக்கு விலை சூடு. துடிப்பைக் கூட்டும்போது சில்லு தடுமாறாமல் இருக்க மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருக்கும். சூடோ, துடிப்பைப் பொறுத்து ஒரு மடங்கும், மின்னழுத்தத்தைப் பொறுத்து இரு மடிப்பாகவும் ஏறும். துடிப்பை நூற்றுக்குப் பத்தும், மின்னழுத்தத்தை நூற்றுக்குப் பத்தும் கூட்டினால், சூடு நூற்றுக்கு முப்பத்து மூன்று கூடிவிடும். வரவு பத்து, செலவு முப்பத்து மூன்று!

அந்தச் சூட்டை வெளியேற்றும் வழி உங்களுக்குப் புதிதல்ல. வீட்டு வாசலில் நிற்கும் கப்சாய் மோட்டார் சைக்கிளைப் பாருங்கள். இயந்திரத்தைச் சுற்றி வரிவரியாகத் தகடுகள் இருக்கும். ஓடும்போது காற்று அவற்றினூடே புகுந்து சூட்டை எடுத்துச் செல்கிறது. கணினியிலும் சில்லின் மேல் அதேபோல் அலுமினியத் தகடுகள், அவற்றின் மேல் சிறு காற்றாடி. சில்லுக்கும் தகட்டுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத இடுக்குகளை நிரப்ப ஒரு பசை தடவியிருப்பார்கள்.

இங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். வேகம் கூட்டும் வழிமுறைகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் சொன்னவை. அவர்கள் அறையில் 20 பாகை என்றால், தகரக் கூரை போட்ட நம் வீட்டில் பிற்பகல் 32 பாகை. காற்றாடி எவ்வளவு சுழன்றாலும் அறைக் காற்றைவிடச் சில்லைக் குளிரச் செய்ய முடியாது. ஆகவே அதே இயந்திரம் அங்கே 75 பாகையில் ஓடினால், இங்கே ஏறக்குறைய 87 பாகையில் ஓடும். 90 முதல் 100 பாகையை நெருங்கினால் இன்றைய சில்லுகள் தங்களைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துவிடும். கித்தா மரத்தில் விடியுமுன் வெட்டினால் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏறினால் வரத்து குறையும். கணினியும் அப்படியே.

காசு செலவில்லாத வேகம்

வீட்டிலுள்ள கணினி முன்பைவிட மந்தமாகி, காற்றாடி இரைந்துகொண்டே இருந்தால், காரணம் பல நேரங்களில் வெறும் தூசிதான். வேகத்தைக் கூட்டும் முன், இழந்த வேகத்தை மீட்டுக்கொள்ளுங்கள்.

மின்கம்பியைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறந்து, மென்மையான தூரிகையால் தகடுகளின் இடுக்கில் உள்ள தூசியை எடுங்கள். அப்போது காற்றாடியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். எறும்புக் கூடும் பல்லி முட்டையும்கூட இருக்கலாம், கவனம். சில ஆண்டுகள் ஆன பசை காய்ந்து வெடித்திருக்கும். அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் பச்சைப் பயறு அளவு புதுப் பசை வைத்தால் போதும். அதிகம் அப்பினால் பயனில்லை.

கணினியைச் சுவரோடு ஒட்டியோ அலமாரிக்குள்ளோ வைக்காதீர்கள். அடுப்படி எண்ணெய்ப் புகையும் சாமி மேடைச் சாம்பிராணிப் புகையும் படும் இடத்தில் தூசி பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்ளும். ஐஸ் கட்டி வைப்பது, குளிர்பெட்டிக்குள் வைப்பது போன்ற யோசனைகளை அடியோடு விடுங்கள். நம் ஈரக் காற்றில் குளிர்ந்த பொருள்மீது நீர் கோத்துக்கொள்ளும். அந்த ஒரு சொட்டு நீர் தாய்ப்பலகையையே எரித்துவிடும். 2011-இல் அமெரிக்காவில் ஒரு குழு திரவ ஹீலியத்தால் குளிரவைத்து, ஏஎம்டி சில்லு ஒன்றை 8,429 மெகாஹெர்ட்ஸ் வரை ஓட்டி கின்னஸ் சாதனை செய்தது உண்மை. அது சில நிமிடச் சாதனை. வீட்டுப் பாடம் எழுதும் கணினிக்கு உதவாது.

இன்னும் கூட்ட வேண்டுமென்றால்

முதலில் உங்கள் சில்லு இடம் கொடுக்குமா என்று பாருங்கள். அலுவலகங்களில் பயன்படுத்திக் கழித்துவிட்டு, கடைகளில் மலிவாக விற்கும் பழைய கணினிகள் பெரும்பாலும் பூட்டப்பட்டவை. அவற்றைக் கூட்ட இயலாது. இன்டெல் என்றால் பெயரின் இறுதியில் ‘கே’ எழுத்து உள்ளவையும், ஏஎம்டி என்றால் ரைசன் வகையில் பெரும்பாலானவையும் திறந்தவை. தாய்ப்பலகையும் இடம் தர வேண்டும். உத்தரவாதக் காலம் முடியாத கணினியில் கை வைத்தால் உத்தரவாதம் போய்விடலாம்.

எல்லாம் பொருந்தினால், முதலில் பள்ளிக் கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுத்துவிடுங்கள். பிறகு பயாஸ் பக்கத்தில் 100 மெகாஹெர்ட்ஸ் மட்டும் கூட்டி, பிரைம்95 போன்ற சோதனை நிரலை ஒரு மணி நேரம் ஓட்டி, சூட்டை அளந்து பாருங்கள். சோதனையைப் பிற்பகல் வெயிலில் செய்யுங்கள்; விடியற்காலையில் தேறியது மதியம் தோற்கலாம். 85 பாகையைத் தாண்டினாலோ, பிழை காட்டினாலோ ஒரு படி இறங்கிவிடுங்கள். கணினி எழும்பவே மறுத்தால், மின்கம்பியைக் கழற்றி, தாய்ப்பலகையிலுள்ள நாணய வடிவ மின்கலத்தைச் சற்று நேரம் எடுத்து வைத்தால் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும்.

எல்லை அறிவது

மறுநடவுக்காகச் சாய்க்கப் போகும் மரத்தில் எப்படிப் பால் வெட்டுவார்கள் என்று உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். மேலும் கீழும் பட்டையைச் சீவி, மருந்து பூசி, உள்ளதையெல்லாம் எடுத்துவிடுவார்கள். நாளை இருக்கப்போகாத மரம் அது. இன்னும் பதினைந்து ஆண்டு பால் தர வேண்டிய மரத்தை அப்படி வெட்டினால் பட்டை வறண்டு, மங்கு காலியாகத்தான் இருக்கும்.

சில்லும் அப்படித்தான். அளவு மீறிய மின்னழுத்தமும் ஓயாத சூடும் அதன் ஆயுளை உள்ளுக்குள்ளேயே அரிக்கும். தொழிற்சாலைகூட இதற்கு விலக்கல்ல. 2024-இல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினிச் சில்லுகள் பல, அளவுக்கு மேல் சென்ற மின்னழுத்தத்தால் பழுதாயின. நிறுவனம் அதை ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது. செய்தவர்களுக்கே எல்லை தவறியது என்றால், நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

ஆகவே மகன் கேட்டால் அதட்டாதீர்கள். “முதலில் தூசி துடை, பசை மாற்று, ஒரு வாரம் சூட்டைக் குறித்து வை. அந்தக் குறிப்பைக் கொண்டுவந்து காட்டு, பிறகு பேசலாம்” என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாரத்திலேயே கணினி வேகம் பெற்றுவிடலாம். அளந்து பார்த்துச் செய்யும் பழக்கமும் பிள்ளைக்கு வந்துவிடும். கணினி ஒருநாள் பழசாகிவிடும். அந்தப் பழக்கம் பிள்ளையை விட்டுப் போகாது.