ஆப்பரேஷன் மேசையில் தொடங்கும் புண்



வெற்றிலை பாக்கு போட்டுப் பழகிய நம் தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு வாய்ப் புற்றுநோய். பெரிய ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன். கட்டியை எடுத்துவிட்டு, உடம்பில் வேறிடத்துச் சதையை வாயில் வைத்துத் தைக்கிற வேலை. காலையில் உள்ளே போனவர் இரவில்தான் வெளியே வந்தார். ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி என்னைக் கூப்பிட்டார். "டிரசர் ஐயா, குதிகால்ல கறுப்பா கொப்புளம் இருக்கு. மூணாம் நாள் வார்டுலேயே பாத்தேன். மிஸ்ஸி ஏசுவாங்கன்னு சொல்லல."

அது படுக்கைப் புண். ஆற இரண்டு மாதம் ஆயிற்று. வாய் ஆறியும் மனிதரால் நடக்க முடியவில்லை.

இது எப்படி வருகிறது? எலும்புக்கும் மேசைக்கும் நடுவே சதை நசுங்குகிறது. இரத்த ஓட்டம் நின்றால் சதை செத்துப் போகும். விழித்திருந்தால் வலிக்கும், நாமே புரண்டு படுப்போம். மயக்க மருந்து கொடுத்தபின் வலியும் தெரியாது, அசையவும் முடியாது. புற்றுநோயாளியோ சாப்பிட முடியாமல் மெலிந்திருப்பார். மேசையில் பட்ட அடி அன்றே தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தோலில் தெரியும்.

நல்ல தாதி ஆப்பரேஷனுக்கு முன்னும் பின்னும் தோலைப் பார்த்து எழுதி வைப்பார். அழுத்தம் படும் இடங்களில் மெத்தை கொடுப்பார். யாருக்குப் புண் வரக்கூடும் என்று மதிப்பெண் போட்டுப் பார்க்கும் முறையை 1962-இல் இங்கிலாந்தில் டோரீன் நார்ட்டன் என்ற தாதி வெளியிட்டார். ஆனாலும் குடும்பத்தின் கண்ணும் வேண்டும்.

1. இனிப்புநீர், பழைய புண், எடை குறைவு இருந்தால் ஆப்பரேஷனுக்கு முன்பே சொல்லுங்கள்.

2. பிறகு மூன்று நாள் பின்னந்தலை, தோள்பட்டை, முழங்கை, வால் எலும்பு, குதிகால் எல்லாவற்றையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் ஆபத்து. நம் கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. அந்த இடம் கூடுதலாகக் கறுத்தோ, சூடாகவோ, கெட்டியாகவோ இருந்தாலும், வலித்தாலும் உடனே சொல்லுங்கள்.

3. கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வையுங்கள். குதிகால் படுக்கையில் படக்கூடாது. எப்படி, எத்தனை மணிக்கொரு தடவை புரட்டுவது என்று தாதியைக் கேட்டுச் செய்யுங்கள். இழுக்காமல், விரிப்போடு தூக்கிப் புரட்டுங்கள்.

4. சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். அந்தக் காலத்தில் ஸ்பிரிட் போட்டுத் தேய்ப்பார்கள், நானும் செய்திருக்கிறேன். தவறு. உள்ளே நசுங்கிய சதை இன்னும் கெடும். நடுவில் ஓட்டை வைத்த வளையமும் வேண்டாம்.

5. முட்டை, மீன், பால், பருப்பு புண் ஆற உதவும். வாயில் தையல் இருந்தால் ஆஸ்பத்திரியில் சொல்லும்படிதான் கொடுக்க வேண்டும்.

"மிஸ்ஸி, குதிகாலைக் கொஞ்சம் பாருங்க" என்று கேட்பது குற்றம் சொல்வது ஆகாது. ஏசினாலும் பரவாயில்லை, கேளுங்கள். ஏச்சு ஒரு நிமிடம். புண் இரண்டு மாதம்.