எங்கள் கரையின் இளவேனில்

நேயர்களே, இன்றைய உரையை என்னுடைய தவறு ஒன்றை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன்.

2014ஆம் ஆண்டு மாசி மாதம். பத்தாந் தர மாணவர்களிடம் 'வசந்தகாலம்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதி வரும்படி சொன்னேன். வந்த கொப்பிகளில் பெரும்பாலானவற்றில் ஒரே வசந்தந்தான் இருந்தது. தென்றல் தவழ்ந்தது, சோலைகள் பூத்தன, வண்டுகள் ரீங்காரமிட்டன. சிலவற்றில் பனிக்கட்டி உருகி ஓடையாகவும் ஓடியது. புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் பனிக்கட்டி உருகியதைப் பற்றி எனக்கு அன்று எந்த ஐயமும் எழவில்லை. சொல்லழகுக்காகத் தாராளமாகப் புள்ளி வழங்கினேன்.

ஒரு கொப்பி மட்டும் வேறுபட்டிருந்தது. கரைவலைத் தொழிலாளி ஒருவரின் மகன் எழுதியது. அலங்காரச் சொல் ஒன்றுமில்லை. வேப்ப மரம் இலையைக் கொட்டும், கொட்டி முடியுமுன்பே பூ வந்துவிடும் என்று எழுதியிருந்தான். ஆறுமணிக்குருவியின் சத்தம் ஒரு நாள் நின்றுவிடும் என்று எழுதியிருந்தான். அதற்குப் பிறகு அப்பா வலையை ஏற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போய்விடுவார், வீட்டில் சத்தம் குறைந்துவிடும் என்று முடித்திருந்தான். 'தலைப்புக்கு வெளியே' என்று சிவப்பு மையால் எழுதி, 20க்கு 7 புள்ளி போட்டேன். வசந்தம் என்றால் இலை துளிர்க்க வேண்டும், குருவி பாட வேண்டும், பிரிந்தவர் கூட வேண்டும். இவனோ எல்லாவற்றையும் தலைகீழாக எழுதியிருக்கிறான் என்பது என் எண்ணம்.

தலைகீழாக நின்றவன் நான்தான் என்பது அடுத்த ஆண்டு தெரிந்தது.

என் வீடு முந்தல் களப்புக்கு அண்மையில் உள்ளது. வளவில் இரண்டு வேம்பு, ஒரு மா, சில தென்னைகள், வேலியோரம் கொஞ்சம் பற்றை. 2015 மாசியில் ஒரு காலை, கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். களப்பின் மேல் மெல்லிய புகார் படர்ந்திருந்தது. தென்னோலை நுனிகளிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள் அல்லவா? அந்தப் பனிதான். பற்றைக்குள்ளிருந்து இரண்டு துண்டாக ஒரு சீழ்க்கை ஒலி. மணிக்கூட்டைப் பார்த்தால் ஆறுக்குச் சற்று முன்பின். ஒரு குட்டை வால் குருவி சருகுகளைப் புரட்டிக்கொண்டு நின்றது. பச்சை முதுகு, நீலத் திட்டுள்ள சிறகு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. அண்ணாந்து பார்த்தால் வேம்பு பாதி மொட்டையாக நின்றது. என் மாணவன் எழுதியதெல்லாம் என் வளவிலேயே நடந்துகொண்டிருந்தது. பயிற்றப்பட்ட பட்டதாரி ஆசிரியனாகிய நான்தான் அதைப் பார்க்காமல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

பாடப்புத்தக வசந்தம் பொய் அல்ல, நேயர்களே. அது வேறோர் ஊரின் மெய். பிரித்தானியாவை எடுத்துக்கொள்வோம். லண்டனில் மார்கழிக் கடைசியில் பகல் 8 மணித்தியாலம் அளவே. ஆனி மாதத்தில் அது 16 மணித்தியாலத்தைத் தாண்டும். குளிர்காலத்தில் மரங்கள் மொட்டையாக நின்று உறங்கும். வெளிச்சமும் வெப்பமும் திரும்பத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக விழிக்கும். தை, மாசியிலேயே ஸ்னோடிறொப் என்ற வெண்பூ நிலத்தைப் பிளந்து தலைகாட்டும். தோட்டத்துக் குட்டைகளில் தவளைகள் முட்டையிடும். குளிரெல்லாம் மண்ணுக்குள் கிடந்த இராணி வண்டுத்தேனீ வெளிவரும். முள்ளெலி நீண்ட உறக்கம் கலையும். அங்கே வசந்தம் என்பது உறக்கம் கலைவது.

நமது கரை வட அகலக்கோடு 8 பாகையை ஒட்டியது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலம்கூட இல்லை. ஆகவே நம் மரங்களுக்குக் காலத்தைச் சொல்வது பெரும்பாலும் தண்ணீர். வளிமண்டலவியல் திணைக்களத்தார் இலங்கையின் ஆண்டை நான்காகப் பிரிப்பர். மார்கழி முதல் மாசி வரை வடகீழ்ப் பருவக்காற்று. பங்குனி, சித்திரை முதலாவது இடைப்பருவம். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்று. ஐப்பசி, கார்த்திகை இரண்டாவது இடைப்பருவம். தமிழ் மாதக் கணக்கோடு இது அரை மாதம் முன்பின்னாகவே பொருந்தும். நமது கரைக்குப் பெருமழை தருவது இந்தக் கடைசிப் பருவம். மாசிக்குள் அந்த ஈரம் மண்ணில் வற்றிவிடும். நீரைச் சேமிக்க வேம்பு இலையை உதிர்த்துவிடும். உதிர்த்த கையோடு புதுத் தளிரும் பூவும் வரும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நண்பகலில் சூரியன் நம் உச்சிக்கு நேர் மேலே நிற்கும். அந்த நாட்களின் பின்னேர இடிமழை தணிந்ததும் வேப்பம்பூ வாசம் வளவெல்லாம் நிறையும். இலை உதிர்வதும் இலை துளிர்ப்பதும் ஒரே மாதத்தில் நடக்கும் நாடு நம்முடையது. அங்கே இலையுதிர்காலத்துக்கும் வசந்தத்துக்கும் நடுவில் ஒரு குளிர்காலம் கிடக்கிறது. இங்கே அவ்விரண்டும் ஒரே மரத்தில், ஒரே கிளையில் நடக்கின்றன.

இனிக் குயிலைப் பற்றி. ஆங்கிலேயரின் குக்கூவை நாம் குயில் என்றே மொழிபெயர்த்துப் பழகிவிட்டோம். இரண்டும் ஒரே குடும்பம், இரண்டும் பிறர் கூட்டில் முட்டையிடுவன என்பது மெய்தான். ஆனால் அது வேறு பறவை. குக்கூ நடு ஆபிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுச் சித்திரையில் பிரித்தானியா திரும்பும் வழிப்போக்கன். நம் குயிலோ ஆண்டு முழுவதும் இங்கேயே இருப்பது. காகம் கூடு கட்டும் காலம் நெருங்கும்போதுதான் அதன் குரல் உச்சத்துக்கு ஏறுகிறது. சிங்கள மக்களும் புத்தாண்டு வருவதைக் கோஹாவின் குரலிலும் முள்முருங்கைப் பூவின் சிவப்பிலும் கண்டுகொள்வர். குக்கூ வருகிறது, குயில் வாய் திறக்கிறது. மொழிபெயர்ப்பில் இந்த வேறுபாடு தொலைந்துபோகிறது.

குக்கூவை முதலில் கேட்டவர் யார் என்பதில் ஆங்கிலேயருக்கு ஒரு போட்டியே உண்டு. 1913 மாசியில் ரிச்சர்ட் லிடெக்கர் என்ற இயற்கை விஞ்ஞானி, குக்கூவைக் கேட்டுவிட்டேன் என்று லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். சில நாட்களில் இன்னொரு கடிதம் எழுத வேண்டியதாயிற்று. அயலில் வேலை செய்த கட்டடத் தொழிலாளி ஒருவர் அந்தக் குரலில் கூவியிருந்தாராம். ஒரு பெரிய விஞ்ஞானி தம் தவறைப் பத்திரிகையில் ஒப்புக்கொண்டார் என்பது, இந்த உரையை எழுத உட்கார்ந்தபோது எனக்குச் சற்றுத் துணிவு தந்தது.

வருகையைப் பற்றிச் சொன்னேன். நமது கரையின் இளவேனில் முக்கியமாகப் புறப்பாட்டின் காலம். ஆறுமணிக்குருவி இந்தியாவின் நடுப்பகுதியிலும் இமய அடிவாரத்திலும் குஞ்சு பொரிப்பது. புரட்டாதி, ஐப்பசியில் இலங்கைக்கு வந்து, சித்திரைக்குள் திரும்பிவிடும். சிங்களத்தில் அதன் பெயர் அவிச்சியா. தன் அழகிய ஆடையை மயிலிடம் பறிகொடுத்துவிட்டு அழுகிறது என்று அதன் குரலுக்கு ஒரு கதையும் உண்டு.

பாலாவி உப்பளங்களையும் கற்பிட்டிப் பக்கத்துச் சேற்றுத் திடல்களையும் பங்குனியில் போய்ப் பாருங்கள். உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் கூட்டங்கூட்டமாக மேய்ந்துகொண்டிருக்கும். ஐப்பசியில் வந்தபோது எல்லாம் மண்ணிறமும் சாம்பலுமாக இருந்தன. இப்போது சிலவற்றின் மார்பில் செம்மை ஏறியிருக்கும். வளைமூக்கு உள்ளான் செங்கல் நிறமாகவே மாறிவிடும். அதன் மண மேடை சைபீரியாவின் வடகோடி. ஆனால் மணவாடை உடுத்தத் தொடங்குவது நம் உப்பளத்து வரம்பில். ஏன் அவ்வளவு தூரம் போகிறது? வடகோடியின் கோடையில் இரவே இல்லாத பகலும், குஞ்சுகளுக்குத் தேவையான பூச்சிகளும் மலிந்திருக்கும். அங்கே வசந்தம் பிறப்பதை இங்கிருந்தே அறிந்து அவை ஆயத்தமாகின்றன.

தகைவிலான் குருவியும் அப்படியே. பிரித்தானியரின் தோட்டக் கொட்டில்களில் கூடு கட்டும் அதே இனம் நம் மின்கம்பிகளிலும் வரிசையாக அமர்ந்திருக்கும். ஆயினும் அவர்களுடையவை குளிர்காலத்துக்குத் தென்னாபிரிக்கா போகின்றன. நம்மிடம் வருபவை ஆசியாவின் வடக்கிலும் கிழக்கிலும் பிறந்தவை. இனம் ஒன்று, வழி வேறு.

இதையெல்லாம் அறிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஒரு கொப்பி போதும். இங்கிலாந்தின் நோர்ஃபோக்கில் றொபேர்ட் மார்ஷம் என்பவர் 1736ஆம் ஆண்டு தம் தோட்டத்தில் வசந்தத்தின் அறிகுறிகளைக் குறிக்கத் தொடங்கினார். முதற் பூ எப்போது, தவளை எப்போது கத்தியது, ஓக் மரம் எப்போது துளிர்த்தது, தகைவிலான் எப்போது வந்தது என்று 27 அறிகுறிகள். அவருக்குப் பின் அவருடைய சந்ததியார் 1958 வரை அந்தக் குறிப்பைத் தொடர்ந்தனர். இத்தகைய பொதுமக்கள் குறிப்புகளைத் திரட்டி, 1753 முதலான பதிவுகளைக் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2022இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 406 செடி, மர வகைகளின் முதற் பூப்பு, 1986 வரையிலான சராசரியைவிட அதற்குப் பிந்திய ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு மாதம் முந்திவிட்டது. உலகம் சூடாவதை ஒரு பாட்டனாரின் கொப்பி சாட்சி சொல்கிறது.

நம் வேம்பு முந்திப் பூக்கிறதா, பிந்திப் பூக்கிறதா? ஆறுமணிக்குருவி எங்கள் தாத்தா காலத்தில் எந்தத் தேதியில் போனது? அதைச் சொல்ல என் வீட்டில் கொப்பி இல்லை. இருந்த ஒரு கொப்பிக்கும் நான் 7 புள்ளி போட்டுவிட்டேன்.

இன்னுமொன்று, அதுதான் என்னை அதிகம் வெட்கப்படுத்தியது. தமிழ் இலக்கணம் படிப்பிக்கிறவன் நான். இளவேனிலும் முதுவேனிலும் பின்பனியும் எந்தத் திணைக்குரிய பெரும்பொழுதுகள்? பாலைக்கு. பாலையின் உரிப்பொருள் என்ன? பிரிவு. நெய்தலின் உரிப்பொருள்? இரங்கல். நெய்தல் நிலத்துக்கு ஆறு பெரும்பொழுதும் உரியன என்று நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் சொல்கிறது. அப்படியானால், கடற்கரைச் சிறுவன் ஒருவன் வேனிலின் தொடக்கத்தில் தந்தையின் பிரிவை எழுதியது தலைப்புக்கு வெளியேயா? கருப்பொருளாக ஒரு மரமும் ஒரு புள்ளும், முதற்பொருளாக நிலமும் பொழுதும், உரிப்பொருளாகப் பிரிவும் இரங்கலும் என்று அவனுடைய ஒரு பக்கக் கட்டுரை முழுவதும் இலக்கணமாக இருந்தது. நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட இலக்கணந்தான். அவன் அதை வாழ்விலிருந்து எழுதினான், நான் அடையாளம் காணவில்லை.

மேற்குக் கரையில் கார்த்திகை முதல் சித்திரை வரை கடல் அமைதி. வைகாசியில் தென்மேற்குக் காற்று கிளம்பியதும் அலை எழும்பிவிடும். அப்போது கிழக்குக் கரையில் கடல் படுத்திருக்கும். அதனால் மேற்குக் கரை மீனவர் பலர் காலங்காலமாக அங்கே வாடி அடித்துத் தொழில் செய்துவிட்டு வருவர். குருவி வடக்கே போகும் அதே கிழமைகளில் மனிதர் கிழக்கே போவர். காற்றுத்தான் இரண்டு பேருக்கும் கட்டளை இடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், புத்தாண்டு கழிந்த மறுவாரம், உடப்புக் கடற்கரையில் அந்த மாணவனைக் கண்டேன். இளைஞனாகிவிட்டான். மணலில் அமர்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தவன் எழுந்து நின்றான். நலம் விசாரித்தேன். பிறகு, எதையோ சொல்ல நினைத்து வேறொன்றைக் கேட்டேன்.

"தம்பி, ஆறுமணிக்குருவி இன்னும் கத்துதா?"

"இல்லை சேர். போன செவ்வாயோட சத்தம் நின்னுருச்சு" என்றான், யோசிக்காமல். "நாங்களும் அடுத்த கிழமை கெளம்புறோம்."

கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். நான் போட்ட புள்ளி பிழை என்றேன். அவன் சிரித்தான். "அதை நீங்க இன்னும் மறக்கலியா சேர்?" என்றான். அவனுக்கு நினைவில்லை என்பதா, நினைவிருந்தும் பெருந்தன்மை என்பதா, எனக்கு விளங்கவில்லை.

அன்று முதல் என் மேசையில் ஒரு கொப்பி இருக்கிறது. முதற் பக்கத்து முதல் வரி அவன் சொன்ன செவ்வாய்க்கிழமை. வகுப்பிலும் மாணவர்கள் ஒரு கொப்பி வைத்திருக்கிறார்கள். வேம்பு, குயில், ஆறுமணிக்குருவி, தேன்சிட்டின் கூடு, முதல் இடிமழை, கடல் எழும்பிய நாள் என்று குறிக்கிறார்கள். வசந்தகாலம் என்ற தலைப்பை இப்போதும் கொடுக்கிறேன். ஆனால் எழுதுமுன் வளவுக்குள் ஒரு தடவை போய்விட்டு வரச் சொல்கிறேன்.

நேயர்களே, உங்கள் வீட்டு வேலியோரத்திலும் ஏதோ ஒன்று இந்தக் கிழமை வந்திருக்கும், அல்லது போயிருக்கும். தேதியைக் குறித்து வையுங்கள்.