தாலியில் சிலுவை, தட்டில் கற்பூரம்

சுங்கை ஆயர் தாவார், சபாக் பெர்ணம், கோலசிலாங்கூர் வட்டாரத்தில் வேதக்கார (கத்தோலிக்க) வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருப்பவர்கள் கவனித்திருப்பார்கள். சாமியார் மந்திரித்துக் கொடுக்க, மாப்பிள்ளை கட்டுவது தாலிதான். ஆனால் அதில் சிலுவையோ புறாவோ பொறித்திருக்கும். பார்வைக்குச் சின்ன விஷயம். தாலியில் சிலுவை ஏறியதற்குப் பின்னால் போப்பின் தூதர் போட்ட உத்தரவு ஒன்று இருக்கிறது.

1704 ஜூன் மாதம் புதுச்சேரியில் அந்த உத்தரவைப் பிறப்பித்தவர் தூர்னோன். பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைக் கிறிஸ்தவப் பெண்கள் அணியக்கூடாது, சிலுவையோ இயேசு, மாதா உருவமோ இருக்கட்டும் என்றார். கல்யாணத்தில் சகுனம் பார்த்துத் தேங்காய் உடைக்கக்கூடாது. பெண் பெரியவளானால் ஊரைக் கூட்டிச் சடங்கு செய்யக்கூடாது. மேளம் வாசிக்கும் கிறிஸ்தவர்கள் இந்துக் கோயில் திருவிழாவுக்கு வாசிக்கப் போகக்கூடாது. நெற்றியில் சாம்பல் பூசக்கூடாது. பட்டியல் இன்னும் நீள்கிறது. வரலாற்றில் இதற்கு 'மலபார் சடங்குகள்' சர்ச்சை என்று பெயர். நடந்ததென்னவோ தமிழ் நாட்டில்தான்.

பிற சமயத்தாரோடு உறவாடுவதில் போப்பாண்டவரையே 'எல்லை தாண்டிவிட்டார்' என்று குறை சொல்லும் மரபுவாதக் கத்தோலிக்கர்களைப் பற்றி அவ்வப்போது செய்தி வருகிறது. இது ஏதோ பிரான்சிலும் அமெரிக்காவிலும் நடக்கும் சண்டை, நமக்கென்ன என்று நினைக்கிறோம். அயல் சமயத்தாரோடு எவ்வளவு தூரம் போகலாம் என்ற வழக்கு, நம் பாட்டன் பூட்டன் புறப்பட்டு வந்த ஊர்களில் நானூறு வருஷத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது.

ராபர்ட் தெ நொபிலி என்ற இத்தாலிய இயேசு சபைக் குரு 1606இல் மதுரைக்கு வந்தார். காவி உடுத்தி, புலால் விட்டு, தமிழும் சமஸ்கிருதமும் படித்து, தத்துவ போதகர் என்று பெயர் எடுத்தார். பூணூலும் சந்தனமும் குடுமியும் சமூக அடையாளங்கள், வழிபாடு அல்ல என்பது அவர் வாதம். அவருக்கு முன்பே மதுரையில் இருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற மூத்த குருவுக்கு இது பொறுக்கவில்லை. மேலிடத்துக்குப் புகார் போனது. 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி நொபிலிக்குச் சாதகமாக முடிவு சொன்னார். பிறகு காற்று திசை மாறியது. தூர்னோனின் தடைகளை 1744இல் போப் பதினான்காம் ஆசீர்வாதப்பர் உறுதிசெய்தார். அவற்றைக் கடைப்பிடிப்போம் என்று மிஷனரிகள் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அந்தச் சத்தியம் நீங்க 1940 வரை ஆயிற்று.

மலாயாவின் கித்தாத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய வேதக்காரர்கள் இந்தக் கண்டிப்பான திருச்சபையில் வளர்ந்தவர்கள். பிரெஞ்சுச் சாமியார்கள் பீடத்தைப் பார்த்து நின்று இலத்தீனில் பூசை வைப்பார்கள். சனங்கள் பின்னால் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள். படையல் சோறு சாப்பிடக்கூடாது, தீமிதி பார்க்கப் போகக்கூடாது என்பது பாடம். ஆனால் லயத்தில் அடுத்த கதவு இந்து வீடு. அந்தோணியார் தேருக்கு மாரியம்மன் பக்தர்கள் மெழுகுவத்தியோடு வருவார்கள். புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்கு இன்றைக்கும் இந்துக்களும் பௌத்தர்களும் நேர்த்திக்கடன் செலுத்த வருகிறார்கள். வந்தவரைத் தடுக்க எந்தச் சாமியாருக்கும் மனம் வந்ததில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் இந்தக் கண்டிப்பைத் தலைகீழாக்கியது. 1965 அக்டோபர் 28 அன்று 'நோஸ்த்ரா ஏத்தாத்தே' என்ற அறிக்கை வெளியானது. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையும் ஆனவற்றைத் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று அது சொன்னது. இந்து சமயத்தையும் பௌத்தத்தையும் பெயர் சொல்லி மதிப்போடு குறிப்பிட்டது. வாக்கெடுப்பில் ஆதரித்தவர்கள் 2,221 பேர், எதிர்த்தவர்கள் 88 பேர். எண்ணிக்கையைப் பார்த்தால் எதிர்ப்பு அற்பம்தான். ஆனால் அறுபது ஆண்டுகளாகியும் அது அடங்கவில்லை.

இந்தியாவில் அந்த எதிர்ப்பு வெளிப்பட்ட விதம் சுவையானது. 1969 ஏப்ரலில், பூசையில் பன்னிரண்டு மாற்றங்களுக்கு உரோமை அனுமதி கொடுத்தது. செருப்பைக் கழற்றுவது, தரையில் அமர்வது, கைகூப்பி வணங்குவது, குத்துவிளக்கு, ஊதுவத்தி, பூ, ஆரத்தி எல்லாம் அதில் அடக்கம். இதன் பின்னால் நின்று உழைத்தவர் தமிழரான அமலோர்பவதாஸ் அடிகள். பெங்களூரில் அவர் நடத்திய தேசிய மையம் இந்த முயற்சிகளின் பட்டறையாகவே இருந்தது. எதிர்த்து நின்றவரும் தமிழ்நாட்டுக்காரர்தான். சென்னைப் பத்திரிகையாளர் விக்டர் குழந்தை 'தி லெயிட்டி' என்ற இதழை நடத்தி, ஓங்காரமும் ஆரத்தியும் திருச்சபையைப் புறச்சமயமாக்குகின்றன என்று வருஷக்கணக்காக எழுதினார். 1980களில் அதையே ஒரு நூலாகவும் போட்டார். அவர் ஐரோப்பியர் இல்லை, பழைமையில் ஊறிய வெள்ளைக்காரச் சாமியாரும் இல்லை. முப்பாட்டன் காலத்தில் எதை விட்டு வந்தோமோ அதைப் பீடத்துக்கே கொண்டுவருகிறார்களே என்று கொதித்த ஒரு பொதுநிலையினர்.

குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக்கரையில் 1950இல் தொடங்கிய சாந்திவனம் ஆசிரமம் இரண்டு பக்கமும் அடி வாங்கியது. 1968 முதல் அதை நடத்திய ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ் காவி உடுத்தினார், உபநிடதம் வாசித்தார். மரபுவாதிகளுக்கு அது துரோகமாகப் பட்டது. இந்துத் தரப்பிலோ சீதாராம் கோயல் 1988இல் கத்தோலிக்க ஆசிரமங்களைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். இது மதமாற்றத்துக்கான மாறுவேடம் என்பது அவர் குற்றச்சாட்டு. நொபிலியைப் பற்றியும் அவர் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். தலித் கிறிஸ்தவச் சிந்தனையாளர்கள் மூன்றாவது கேள்வியைப் போட்டார்கள். காவியும் சமஸ்கிருதமும்தான் இந்தியப் பண்பாடா? பறையும் கூத்தும் எங்கே? இந்த எல்லா விமர்சனங்களிலும் கனமானது இதுதான். தோட்டத்து வேதக்காரர்களுக்கு மற்றதைவிட நெருக்கமானதும் இதுதான்.

உலக அளவில் எதிர்ப்பின் முகமாக இருந்தவர் மார்செல் லெஃபெவ்ர். ஆப்பிரிக்காவில் மிஷனரியாக உழைத்து, தக்கார் நகரின் பேராயராக இருந்தவர். 1970இல் பத்தாம் பத்திநாதர் சபையைத் தொடங்கினார். அப்போது போப்பாக இருந்தவர் இரண்டாம் ஜான் பால். 1986 பிப்ரவரியில் அவர் இந்தியா வந்து, சென்னையில் பிற சமயத் தலைவர்களைச் சந்தித்தார். அந்தப் பயணத்தில் ஒரு பெண் அவர் நெற்றியில் திலகமிடும் படத்தை மரபுவாதிகள் உலகெங்கும் பரப்பினார்கள். விருந்தினரை வரவேற்கும் இந்திய வழக்கம் அது என்று விளக்கம் சொல்லப்பட்டது. யார் கேட்டார்கள்? அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று அசிசி நகரில் எல்லாச் சமயத்தாரையும் போப் செபிக்க அழைத்தார். லெஃபெவ்ருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. 1988 ஜூன் 30 அன்று உரோமையின் அனுமதியின்றி நான்கு ஆயர்களை அபிஷேகம் செய்தார். அவரும் அந்த நால்வரும் திருச்சபைக்குப் புறம்பாக்கப்பட்டனர். நால்வர்மீதான தடை 2009இல் நீங்கியது. மற்றச் சிக்கல்கள் தீரவில்லை. பாளையங்கோட்டையில் இந்தச் சபைக் குருக்களின் இல்லம் இருக்கிறது. அங்கே பூசை இன்னும் இலத்தீனில்தான்.

இவர்களை வெறும் பிடிவாதக்காரர்கள் என்று தள்ளிவிடுவது எளிது, நியாயமில்லை. அவர்கள் சுட்டுவது போப்புகளின் பழைய போதனையைத்தான். பல சமயத்தார் கூடும் கூட்டங்களில் கத்தோலிக்கர் கலந்துகொள்ளக்கூடாது என்று 1928இல் பதினோராம் பத்திநாதரே எழுதியிருக்கிறார். எந்த வழியில் போனாலும் கடவுளிடம் சேரலாம் என்றால், சாதிசனத்தைப் பகைத்துக்கொண்டு எங்கள் முன்னோர் ஞானஸ்நானம் வாங்கியது எதற்கு? இந்தக் கேள்வி தோட்டத்துப் பாட்டிக்கும் புரியும்.

மலேசியாவில் இந்த வாதம் வேறு தரையில் நிற்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி இங்கே கிறிஸ்தவர்கள் 9.1 விழுக்காடு, இந்துக்கள் 6.1 விழுக்காடு. பௌத்தர், கிறிஸ்தவர், இந்துக்கள், சீக்கியர் சேர்ந்து 1983இல் ஓர் ஆலோசனை மன்றம் அமைத்தார்கள். 2006இல் தாவோ சமயத்தாரும் சேர்ந்தார்கள். அவர்களைக் கூட்டியது ஆன்மிகத் தேடலைவிடச் சட்டச் சிக்கல்தான் என்று சொல்லலாம். கத்தோலிக்க வார இதழ் 'ஹெரால்ட்' மலாய்ப் பக்கங்களில் கடவுளை 'அல்லாஹ்' என்று எழுதலாமா என்ற வழக்கு 2009இல் உயர்நீதிமன்றத்தில் வென்று, 2013இல் மேல்முறையீட்டில் தோற்றது. 2014இல் கூட்டரசு நீதிமன்றமும் கதவை அடைத்தது. அதே 2014 சனவரியில் சிலாங்கூர் இஸ்லாமிய சமயத் துறை வேதாகமச் சங்கத்தில் புகுந்து முந்நூறுக்கும் மேற்பட்ட மலாய், இபான் வேதாகமங்களை எடுத்துச் சென்றது. தங்கள் திருநூலிலும் அந்தச் சொல் இருப்பதால் சீக்கியர்களுக்கும் இது சொந்தப் பிரச்சினை. பெற்றோரில் ஒருவர் மட்டும் முடிவெடுத்துப் பிள்ளைகளை மதம் மாற்றியது செல்லாது என்று 2018இல் இந்திரா காந்தி வழக்கில் தீர்ப்பு வந்தபோது, இந்துக்களோடு கிறிஸ்தவர்களும் மூச்சு விட்டார்கள். இந்த நாட்டில் அயல் சமயத்தாரோடு ஒரே மேசையில் உட்காராமல் ஓர் ஆயர் தன் மந்தையைக் காக்க முடியாது.

மேசையில் உட்காருவது வேறு, எல்லாம் ஒன்று என்பது வேறு. 2024 செப்டம்பரில் பக்கத்துச் சிங்கப்பூருக்கு வந்த போப் பிரான்சிஸ், கத்தோலிக்கத் தொடக்கக் கல்லூரியில் பல சமய இளைஞர்களிடம் பேசும்போது, சமயங்கள் எல்லாமே கடவுளை அடையும் வழிகள், அவை வெவ்வேறு மொழிகளைப் போல என்றார். மரபுவாதிகள் மட்டுமா கொதித்தார்கள்? ஓய்வுபெற்ற அமெரிக்கப் பேராயர் சார்லஸ் ஷபூ போன்ற, உரோமையோடு ஒன்றித்திருப்பவர்களும் வெளிப்படையாக மறுத்தார்கள். இயேசு கிறிஸ்து ஒருவரே மீட்பர் என்று 2000இல் வத்திக்கான் வெளியிட்ட அறிக்கை இன்னும் நடைமுறையில்தான் இருக்கிறது. இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்று எந்த மறையுரையிலாவது கேட்டிருக்கிறோமா?

தவறு இங்கேதான் நடக்கிறது. பக்கத்து வீட்டு ஆரத்தித் தட்டைக் கண்டு விசுவாசம் கரைந்துவிடும் என்று மரபுவாதிகள் அஞ்சுகிறார்கள். சிலுவைத் தாலியோடு மூன்று தலைமுறை லயத்தில் வாழ்ந்தவர்களிடம் அந்தப் பயம் செல்லாது. மறுபக்கம், உரையாடலை ஆதரிக்கும் தலைவர்கள் மேடையில் கைகோத்துப் படம் பிடித்துக்கொள்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். மரபுவாதிகள் இலத்தீனில் கேட்கும் கேள்விக்குப் பங்குத் தளங்களில் தமிழில் பதில் சொல்ல ஆள் வேண்டும். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் நொபிலியையும் 1704 கட்டளையையும் நோஸ்த்ரா ஏத்தாத்தேயையும் சேர்த்துவைத்துப் பாடம் நடத்துங்கள். இளையோர் கேட்கட்டும், எதிர்த்தும் பேசட்டும்.